பிச்சைமுத்துவின் நீல முகம்

ஒன்பதாங்கட்டைத் தாமான் என்கிற குடியிருப்பில் யார் செத்தாலும், போலீஸுக்கும் பிணவண்டிக்காரனுக்கும் அடுத்த போன் குமுதாவுக்குத்தான் போகும். செத்தவரின் பழைய படம் ஒன்றைக் கண்டுபிடித்து, முகத்தை வெட்டி எடுத்து, மாலையும் விளக்கும் வைத்து, தோற்றம் மறைவு என்று தேதி போட்டு, வாசலில் கட்டுகிற பேனரைச் செய்து கொடுப்பவள் அவள்தான். பன்னிரண்டு வருடமாகச் செய்கிறாள். அவள் கைபட்ட படத்தில் செத்தவர்கள் உயிரோடிருந்ததைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருப்பார்கள். பல் இல்லாதவருக்குப் பல் வந்திருக்கிறது. சட்டைக்கு மேல் பட்டன் போடாத குடிகாரருக்குக் கோட்டும் டையும் கிடைத்திருக்கிறது. இதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கக்கூடாது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஒன்பதாங்கட்டை, ஈப்போவிலிருந்து கோப்பேங் போகிற பழைய சாலையில், சுண்ணாம்புக் குன்று ஒன்றின் அடியில் இருக்கிறது. முன்பு ரப்பர்த் தோட்டம். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயங்களை இடித்தார்கள், இருந்த சனத்துக்கு வரிசை வீடுகளைக் கட்டி மலிவு விலையில் கொடுத்தார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டில் ரசம் தாளித்தால் இந்த வீட்டில் தும்மல் வரும். புருஷன் பெண்டாட்டி சண்டை மூன்று வீட்டுக்குக் கேட்கும். குமுதாவின் புருஷன் தனேஸ்வரன் ஓடு செய்யும் ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அதிகம் பேசாதவர். வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் குமுதாவே பேசிவிடுவதால் அவருக்கு அந்தத் தேவை வந்ததில்லை.

பிச்சைமுத்து செத்தது சரஸ்வதி பூசை முடிந்து ஒன்பதாம் நாள். அறுபத்திரண்டு வயது. செம்பனைக் காட்டில் காண்ட்ராக்ட் எடுத்துப் புல்லுக்கு மருந்து அடிக்கிறவர். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, விடிவதற்குள் புறப்பட்டுவிடுவார். அன்று எழுந்திருக்கவில்லை. மனைவி மாரியம்மா கோப்பி கலக்கி வைத்துவிட்டுப் போய்த் தொட்டுப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்து, மதியத்துக்குள் உடம்பு வீடு வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு எடுப்பதாக முடிவாயிற்று.

குமுதா அன்று காலை பத்து மணிக்குக் கணினியைத் திறந்தாள். திரை முதலில் கண்ணைச் சிமிட்டியது. பிறகு குறுக்கே கோடு கோடாக ஓடியது. கோடு நின்றதும் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சளாக நின்றது. ஒரு வாரமாகவே அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் சுரேனுக்குப் போன் போட்டாள்.

சுரேன், ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் கணினி, கைப்பேசி பழுதுபார்க்கிற சின்னக் கடை வைத்திருப்பவன். முப்பத்து நாலு வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அந்தக் கணினியை ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப் போட்டபோது வாங்கிச் சரிசெய்து குமுதாவுக்குக் கொடுத்தவன் அவன்தான்.

"தம்பி, ஸ்கிரீனுக்கு மஞ்சக்காமால வந்துருச்சு லா. கோடா ஓடுது, அப்புறம் மஞ்சளா நின்னுக்குது."

"வெள்ள எல்லாம் மஞ்சளா தெரியுதாக்கா? அப்ப ஒரு கலரு உள்ள வரல. பின்னால கேபிளு இருக்குல்ல, ரெண்டு பக்கமும் திருகு வச்சது. அதக் கழட்டி, நல்லா தொடச்சு, திருப்பி மாட்டிப் பாருங்க."

"அதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல. பிச்சமுத்தண்ணே தவறிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள பேனரு வேணும். நீ வந்துட்டுப் போ."

"ஐயோ, பிச்சமுத்தண்ணேவா?" என்றான் அவன். "நான் தெலுக் இந்தான்ல இருக்கேன்கா. இங்க ஒரு ஆபீஸ்ல எட்டு கம்ப்யூட்டரப் பிரிச்சுப் போட்டுட்டேன். நாளைக்குக் காலையில மொத வேலையா வாரேன்."

"நாளைக்கு நீ வர்றதுக்குள்ள அண்ணன எடுத்துருவாங்க."

"அப்ப எழுத்து மட்டும் போடுங்க. கலர மட்டும் தொடாதீங்கக்கா. அந்த ஸ்கிரீன நம்பிக் கலரு வைக்காதீங்க. இல்லாட்டி முடிச்சதும் என் போனுக்கு ஒரு காப்பி அனுப்புங்க, நான் பாத்துச் சொல்றேன்."

"சரி சரி" என்று குமுதா போனை வைத்தாள். அந்த இரண்டு சரியும் சரியில்லை என்பதை அவளுடைய குரலைக் கேட்ட யாரும் சொல்லிவிடுவார்கள். பன்னிரண்டு வருடமாகச் செய்கிற வேலையை ஒருவனுக்கு அனுப்பிச் சரி பார்க்க வேண்டுமாம்.

மாரியம்மா வீட்டிலிருந்து வந்த படம் ஏதோ கல்யாணக் கூடாரத்தில் எடுத்தது. மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் பிச்சைமுத்து சிரித்துக்கொண்டிருந்தார். படமும் மஞ்சள், திரையும் மஞ்சள், முகம் ஊறுகாய் ஜாடிக்குள் இருக்கிற மாதிரி தெரிந்தது. குமுதா மஞ்சளைக் குறைத்தாள். போகவில்லை. நீலத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டி, சிவப்பையும் பச்சையையும் இறக்கினாள். முகம் ஒருவழியாக மனிதர் முகம் போலத் தெளிந்தது. "இப்பத்தான் பாக்குற மாதிரி இருக்கீங்க அண்ணே" என்று அவரிடம் சொல்லவும் செய்தாள். பக்கத்தில் கிடந்த தன் போனில் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

தனேஸ்வரன் ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு, பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டாரில் ஈப்போவுக்குப் போனார். அரை மணி நேரத்தில் அச்சுக்கடையிலிருந்து போன் வந்தது.

"இந்தா, அச்சுக்கடை லியோங்கு பாத்துட்டு, மொகம் நீலமா இருக்குங்கிறான்."

"அவன் ஸ்கிரீனு சரியில்லாம இருக்கும்."

"நானும் பாத்தேன் குமுதா. எனக்கும் அப்படித்தான் தெரியுது."

"உங்களுக்கு எப்பதாங்க கலரு தெரிஞ்சிருக்கு? ஃபேக்டரிக்கு ஒரு காலுல பச்ச, ஒரு காலுல கறுப்புன்னு சாக்ஸ் மாட்டிக்கிட்டுப் போற ஆளு. பன்னெண்டு வருசமா செய்யிறேன். அடிக்கச் சொல்லுங்க அவன."

அடித்தான்.

ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஈப்போ மழை, குன்றையே மறைத்துக்கொண்டு இறங்குகிற மழை. மாரியம்மா வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி பரப்பி, சனம் நிரம்பியிருந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து மீகூனும் கோப்பியும் வந்தபடி இருந்தன. பிச்சைமுத்துவின் தம்பி சின்னையா, பேனரை நனையாமல் சுருட்டியபடியே வாங்கி, ஆளை வைத்து வாசல் கம்பியில் கட்டச் சொன்னார். மேல் கயிற்றைக் கட்டிவிட்டுக் கீழே உருளையை விட்டார்கள். பேனர் விரிந்தது.

முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். மாலை நீலம், விளக்கு நீலம், சட்டை நீலம். நடுவில் பிச்சைமுத்துவின் முகம், உதடு கறுத்து, கன்னம் நீலம் பாரித்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

தோட்டத்துச் சனத்துக்கு அந்த நிறம் தெரியும். புல்லு மருந்தைக் குடித்தவர்களை அவர்கள் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பின்வரிசையில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"ரச்சூன் குடிச்ச மூஞ்சி மாதிரியில்ல இருக்கு."

"வாய மூடு லா."

"இல்ல, நேத்து ராத்திரி சண்ட கேட்டுச்சே. ஒங்களுக்குக் கேக்கலயா? செக்கப்புக்குப் போ போன்னு அந்தம்மா கத்துச்சு, இவரு போ மாட்டேன்னு சொல்லிட்டு வெளியில போய்ட்டாரு."

"ஆஸ்பத்திரியில மாரடைப்புன்னு தானே சொன்னாங்க?"

"சொல்லுவாங்க. குடும்பம் கேட்டுக்கிட்டா சொல்லுவாங்க."

குமுதா கூடாரத்தின் ஓரத்தில் குடையோடு நின்றிருந்தாள். அப்படியே வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று தோன்றியது. சின்னையா அவளைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் கோயில் கமிட்டியில் செயலாளர், சத்தம் போட்டே பழகினவர். அன்று சத்தம் போடாமல் கேட்டதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"என்னா தங்கச்சி இது?"

குமுதா வாயைத் திறந்தாள். "என் மேல தப்பு" என்று சொல்லத்தான் திறந்தாள் என்று பிறகு தனக்குத் தானே பல தடவை சொல்லிப் பார்த்தாள். வந்தது வேறு.

"எல்லாம் அந்த சுரேன் பயதான் அண்ணே! ஒடஞ்ச சாமான என் தலையில கட்டிட்டான். காலையில போன் பண்ணி வாடா வாடான்னு கெஞ்சுறேன், எட்டிப் பாக்கல அவன். ஸ்கிரீன்ல ஒரு கலரு தெரியுது, அடிச்சா வேற கலரு வருது. நான் என்னா செய்வேன்?"

அதில் பொய் என்று விரல் வைத்துக் காட்ட ஒன்றும் இல்லை. அவன் சொன்னதையும், லியோங் சொன்னதையும், புருஷன் சொன்னதையும் அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். கூட்டத்தின் பின்னால் தனேஸ்வரன் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சின்னையா பேனரைக் கத்தியால் அறுத்து இறக்கினார். ஒரு மணி நேரம்தான் அது வாசலில் இருந்தது. அதற்குள் ஆள் ஆளுக்குப் படம் எடுத்துவிட்டார்கள். சிலிம் ரிவரில், தஞ்சோங் மாலிமில் இருக்கிற சொந்தக்காரர்கள் புறப்படுவதற்கு முன்பே பிச்சைமுத்துவின் நீல முகம் அவர்களுடைய போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் வந்து இறங்கிய பெண்கள் மாரியம்மாவைக் கட்டிப்பிடித்து அழுவதற்கு முன் அவளுடைய முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தார்கள். மாரியம்மா அழவில்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நடுநடுவே எழுந்து பின்பக்கம் போய்விட்டு வந்தாள். "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று அதற்கும் பேசினார்கள்.

மூன்றாம் நாள் காலை சின்னையா, சுரேனைக் கையோடு கூட்டிக்கொண்டு குமுதாவின் வீட்டுக்கு வந்தார். கோயிலில் பிள்ளைகளுக்கு டியூஷன் வகுப்பு நடக்கிறது. அதற்கு ஆறு கணினி வாங்கி மாட்டி, வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்கிற வேலையைச் சுரேனுக்குத் தருவதாக அவர்தான் பேசி வைத்திருந்தார். ஆகவே அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"எங்கிட்ட மறைக்காத தம்பி. சாமான் பழுதா, என்னான்னு எனக்கு முன்னாலயே பிரிச்சுக் காட்டு."

சுரேன் யாரையும் பார்க்காமல் பையைத் திறந்தான். முதலில் தன் மடிக்கணினியைக் குமுதாவின் திரையில் மாட்டினான். அதிலும் மஞ்சள். "அப்ப கம்ப்யூட்டரு பழுதில்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டான். பிறகு தான் கொண்டுவந்திருந்த வேறு கேபிளை மாட்டினான். திரை ஒரு கணம் கறுத்து, வெள்ளையாக விழித்துக்கொண்டது. பிச்சைமுத்துவின் படம் அங்கே இன்னும் திறந்தேதான் இருந்தது. கருநீலமாகச் சிரித்தார். குமுதா கண்ணை இறக்கிக்கொண்டாள்.

"கேபிளுதான்" என்றான் சுரேன்.

பழைய கேபிளின் தலையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். மூன்று வரிசையில் சின்னச் சின்ன ஊசிகள். அதில் முதல் வரிசையின் நடுவில் ஏதோ அப்பியிருந்தது. ஒரு பல்குத்தும் குச்சியால் கிளறி, டிஸ்யூ தாளில் தட்டினான். பட்டாணி உடைசல் அளவுக்கு ஒரு கட்டி விழுந்தது. மஞ்சளாக, மேலே ஒரு பொட்டுச் சிவப்போடு. அவன் அதை மூக்கருகே கொண்டுபோனான்.

குமுதாவுக்கு மோந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. சந்தனம். ஆயுத பூசையன்று அவள் கணினியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் தாளை விரித்து வரிசையாக வைத்திருந்தாள். தனேஸ்வரனின் மோட்டாருக்கும் அரிவாள்மனைக்கும் வைத்த மாதிரியே திரைக்கு, பெட்டிக்கு, விசைப்பலகைக்கு, எலிக்கு, பிரிண்டருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். சோறு போடுகிற சாமானில் ஒன்றை விட்டாலும் குறைதானே. கேபிளுக்கும் வைத்தாள். அதற்கு நெற்றி எது என்று அவளுக்குத் தெரியவில்லை. தலை இதுதான் என்று ஊசி இருக்கிற முகத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். மறுநாள் அப்படியே திருகி மாட்டினாள். எந்தத் திருகுக்கு நேரமில்லை என்று சுரேனிடம் சொன்னாளோ அதே திருகு.

சுரேன் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஒரு பார்வைதான். டிஸ்யூவை நாலாக மடித்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"என்னாடா அது?" என்றார் சின்னையா.

"தூசிண்ணே. கேபிளு பழசு. குடுக்கும்போதே நான் புதுசு போட்டிருக்கணும். என் தப்புதான்."

"ஒரு பழைய வயரால என் அண்ணன் பேரு இப்படிச் சந்தி சிரிக்குது. தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணே. மன்னிச்சுக்குங்க."

"எங்கிட்ட கேக்காத. அந்தப் பொம்பளகிட்ட போய்க் கேளு."

"கேக்குறேண்ணே."

குமுதா சாமி படங்களுக்கும் சின்னையாவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டடி எடுத்து வைத்துப் பேசியிருக்கலாம். காட்டுக்கத்தலாகக் கத்துகிற அந்த வாய், இரண்டு நாளுக்கு முன் ஊரைக் கூட்டி ஒருவன் மேல் பழி போட்ட அந்த வாய், இப்போது ஒட்டிக்கொண்டது. வெட்கம் என்றால் முகம் சிவக்கும் என்பார்கள். அவளுக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டும் போலிருந்தது.

சின்னையா போன பிறகு அவள் வாசலுக்கு ஓடினாள். சுரேன் மோட்டாரில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"ஏன் தம்பி அப்படிச் சொன்ன?"

"வேற என்னா சொல்லச் சொல்றீங்க? பூச போட்ட சந்தனத்துனால செத்தவரு மூஞ்சி நீலமாச்சுன்னு சொல்லவா? இந்த ஊரு அத என்னான்னு பேசும்? சாமிக்கே ஆகலன்னு பேசும். உங்ககிட்ட அப்புறம் யாரு படம் குடுப்பா?" ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "எனக்கு புந்தோங்குல பத்து வேலை இருக்குக்கா. உங்களுக்கு இது ஒண்ணுதான்."

"தம்பி..."

"ஆனா ஒண்ணு. கெஞ்சுனேன், வரலன்னு சொன்னீங்களாமே. நான் கலர தொடாதீங்கன்னு சொன்னத ஒருத்தர்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான். திட்டியிருந்தால் அவளும் இரண்டு திட்டு திட்டி மனதை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் குமுதாவுக்குக் கழியவில்லை, ஊர்ந்தன. பாசாரில் மீன் வாங்கப் போனால், "அந்த மருந்து குடிச்சவரு வீடு உங்க வீட்டுக்கு எத்தன வீடு தள்ளி?" என்று கேட்டார்கள். அவள் மீனை வாங்காமலே திரும்பினாள். மாரியம்மாவின் வீட்டைக் கடக்காமல் கடைக்குப் போக முடியாது. அவள் தாமானைச் சுற்றிப் பின்பக்கச் சாக்கடை ஓரமாக நடந்து போனாள். வெயிலில் அவ்வளவு தூரம் ஏன் சுற்றுகிறாள் என்று கேட்டவர்களிடம் டாக்டர் நடக்கச் சொன்னார் என்றாள். ஒரு பொய்க்குக் கால் முளைத்தால் அதற்குச் செருப்பும் நாமே வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எட்டாம் நாள் சாப்பிடும்போது தனேஸ்வரன் சொன்னார்.

"கோயிலு கம்ப்யூட்டரு வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம்."

குமுதா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"சுரேனுக்குக் குடுக்கலயா?"

"அவன்தான் தப்ப ஒத்துக்கிட்டானே. ஒத்துக்கிட்டவனுக்கு எப்படிக் குடுப்பாங்க?"

"ஏங்க... அது கேபிளு பழசானதால இல்ல." அவள் முழுவதையும் சொன்னாள். சந்தனம் வைத்தது, திருகு மாட்டியது, டிஸ்யூவை அவன் மடித்துப் பைக்குள் போட்டது. சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. தனேஸ்வரன் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, தட்டையும் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றார்.

"லியோங்கு சொன்னான், நான் சொன்னேன், அந்தத் தம்பி சொன்னான். மூணு பேரு சொன்னோம் குமுதா."

கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் அவர் அவளைக் குறை சொன்ன முதல் வாக்கியம் அது. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

பத்தாம் நாள் மாரியம்மாவிடமிருந்து போன் வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டுமாம்.

"சின்னையா ஈப்போவுல வேற கடையில குடுக்கலாம்னான். நாந்தான் வேணாம்னுட்டேன். நீ ஆசையா செய்வ. அன்னிக்கு மிசினு பழுதாப் போனதுக்கு நீ என்னா பண்ணுவ பாவம்."

"அக்கா..." என்றாள் குமுதா.

"சிரிச்ச மொகமாவே போடு. அவரு சிரிச்சாத்தான் நல்லாருப்பாரு."

அந்தப் படத்தை அவள் மூன்று நாள் செய்தாள். போனில் பார்த்தாள், புருஷனின் போனில் பார்த்தாள், லியோங்கின் கடைக்கே போய் அவனுடைய திரையில் பார்த்தாள். "போலே, போலே, சந்தேக்" என்று, சரி, அழகு என்பதை மலாயில் சொல்லி அவன் தலையாட்டிய பிறகும் ஒரு துண்டு அடித்துக் காட்டச் சொல்லி, வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கல்யாண விளக்கின் மஞ்சள் கூடக் கொஞ்சம் மிச்சம் இருக்க, பிச்சைமுத்து தன் நிறத்தில், தன் கோணல் பல்லோடு சிரித்தார். இந்தத் தடவை பல்லை அவள் நேராக்கவில்லை.

பதினாறாம் நாள் ஐயர் காரியம் முடித்துப் போன பிறகு படையல் போட்டார்கள். பிச்சைமுத்துவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சீனி போடாத கறுப்புக் கோப்பி. கூடாரத்தில் இலை போட்டுப் பந்தி நடந்தது. குமுதா உட்காராமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரிந்தாள். சின்னையா இலையிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"படம் நல்லா வந்துருக்கு தங்கச்சி. அண்ணனே வந்து நிக்கிற மாதிரி இருக்கு. இப்ப யாருகிட்ட பாக்குற மிசின? அந்தப் பய சுரேன விட்டுத் தொலச்சிட்டல்ல?"

குமுதாவின் கையிலிருந்த தண்ணீர்க் கூஜா நின்றது. பக்கத்து இலைக்காரர் கிளாஸை நீட்டியபடியே இருந்தார்.

"சுரேன் மேல தப்பு இல்லண்ணே."

"அவனே ஒத்துக்கிட்டானே."

"பொய் சொன்னான். எனக்காகச் சொன்னான். கேபிளுல இருந்தது தூசி இல்ல, சந்தனம். ஆயுத பூசைக்கு நான் வச்ச சந்தனம். ஊசி மேலயே வச்சுட்டேன். அதனால நீலக் கலரு ஸ்கிரீனுக்கு வரல. கலரு சரியில்ல, தொடாதீங்கன்னு அவன் சொன்னான். நான் கேக்கல. அச்சுக்கடைக்காரன் மொகம் நீலமா இருக்குன்னு சொன்னான். எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. யாரு சொல்லியும் கேக்கல. எல்லாம் எனக்குத் தெரியும்னு இருந்தேன். கூட்டத்துல கேட்டப்ப பயந்துபோயி அவன் மேல போட்டுட்டேன். மூணாம் நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கடைசி வரிசையில் ஒருவன், "கேபிளுக்குப் பொட்டா?" என்று சிரித்துவிட்டு, யாரோ இடித்ததும் நிறுத்தினான். சின்னையா சாப்பிடுகிற கையை இலையிலேயே வைத்திருந்தார்.

"பதிமூணு நாளு" என்றார். "ஊரு முழுக்க என் அண்ணன் மருந்து குடிச்சான்னு பேசுறத நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த? அந்தப் பையனோட வேலையப் புடுங்கி வேற ஆளுக்குக் குடுத்தேன். அப்பக்கூட நீ..." இலையை மூடிவிட்டு எழுந்துபோனார்.

அடுத்தது மாரியம்மா என்று குமுதாவுக்குத் தெரியும். நிலைப்படியில் நின்று அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று குமுதா தயாராகத்தான் நின்றாள். மாரியம்மா வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். "வா" என்று வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கூடத்தைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, பின்பக்கம் தகரம் அடித்த ஸ்டோருக்கு.

மருந்து அடிக்கிற டாங்கி ஆணியில் தொங்கியது. கீழே நீளமான ரப்பர் காலணிகள். பலகை மேலிருந்து மாரியம்மா ஒரு வெள்ளைப் போத்தலை எடுத்து குமுதாவின் கையில் வைத்தாள்.

"வெளிச்சத்துல தூக்கிப் பாரு. ஒரு கோடு தெரியுதா?"

தெரிந்தது. போத்தலின் பக்கத்தில் ஆணியால் கீறிய கோடு. மருந்து சரியாக அந்தக் கோட்டில் நின்றது.

"ஒவ்வொரு நாளும் வேல முடிஞ்சு வந்ததும் மிச்சத்துக்குக் கோடு போட்டு வைப்பாரு. காண்ட்ராக்ட்டு வேலையாச்சே, கணக்கு சொல்லணும்ல." அவள் மெதுவாகத்தான் பேசினாள். "ஆஸ்பத்திரியில மாரடைப்புன்னு சொன்னத நான் நம்பிட்டேன்டி. உன் படம் ஏறுச்சு பாரு. அந்த மூஞ்சியப் பாத்ததும் முந்தின நாளு போட்ட சண்ட ஞாபகம் வந்துருச்சு. நான் பேசுனது எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. அவரு கூடத்துல கெடக்காரு. நான் இங்க வந்து போத்தலத் தூக்கிப் பாத்தேன்."

"அக்கா, கோட்டுலயேதானே இருக்கு..."

"கோட்டுலதான் இருந்துச்சு. ஒரு சொட்டு கொறையல. அப்பவும் நம்பல நான். கோட்டப் புதுசா போட்டிருப்பாரோன்னு தோணுச்சு. திரும்பத் திரும்ப வந்து பாத்தேன். அவரத் தூக்கும்போது கூட இங்கதான் நின்னேன். பதினாறு நாளா எல்லாரும் அவருக்காக அழுதாங்க குமுதா. நான் அவர அளந்துக்கிட்டு இருந்தேன்."

அதைச் சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு டாங்கியின் தோள்வாரைப் பிடித்துக்கொண்டு, புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தெருவெல்லாம் கேட்கும்படி ஓவென்று அழுதாள். பந்தியில் இருந்தவர்கள் கை கழுவாமல் ஓடிவந்து ஸ்டோர் வாசலை அடைத்து நின்றார்கள். மருந்துப் போத்தலைக் கையில் பிடித்தபடி, எங்கே வைப்பது என்று தெரியாமல், குமுதா அவர்கள் எல்லாருக்கும் முன்னால் நின்றாள்.